ரோட்டா சொட்டு மருந்து: 71, 76 என்ற எண்களும் ‘பி மதிப்பு’ சொல்லும் செய்தியும்

“சொட்டு மருந்து ஊத்தியும் குழந்தைக்கு வயித்தால போகுதே, அப்போ மருந்து வேலை செய்யுதா இல்லையா?” சோளிங்கர் பக்கம் கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த அம்மாவும் கேட்கக்கூடிய கேள்விதான். இதற்குப் பதில் தேடிய இடங்களில் பக்கத்து ஊரான வேலூரும் ஒன்று.

ஆய்வு எப்படி நடந்தது?

‘ரோட்டாவேக்’ மருந்துக்கான ஆய்வு 2011-ல் டெல்லி, புனே, வேலூரில் தொடங்கியது. வேலூரில் அதை நடத்தியது சி.எம்.சி. மருத்துவமனை. 4,532 குழந்தைகளுக்கு மருந்து; 2,267 குழந்தைகளுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. அதாவது, இரண்டுக்கு ஒன்று. முடிவு 2014-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு மருந்து தரப்பில் 71, வெறும் சொட்டு தரப்பில் 76.

பி மதிப்பு என்றால் என்ன?

மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் 147 பாதிப்புகளும் இரண்டுக்கு ஒன்றாகப் பிரிந்து, மருந்து தரப்பில் சுமார் 98 வந்திருக்க வேண்டும். வந்ததோ 71. பயனில்லாத மருந்தாக இருந்தும், தற்செயலாகவே 71 அல்லது அதற்குக் கீழே போக எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி மதிப்பு. இங்கே அது லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. எனவே ‘பயனில்லை’ என்ற அனுமானத்தைக் கைவிடலாம்.

எப்படிப் படிக்கக் கூடாது?

‘மருந்து பயனற்றதாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்’ என்று இதைப் படிப்பது தவறு. பலன் எவ்வளவு என்பதையும் பி மதிப்பு சொல்லாது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு: கடுமையான பாதிப்பு சுமார் 54% குறைந்தது. மீதி ஆபத்து இருக்கத்தான் செய்கிறது; வேறு கிருமிகளாலும் பேதி வரும்.

பி மதிப்பு பெரிதாக இருந்தால்?

குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் பாதிப்பு மருந்து தரப்பில் 8, மறுதரப்பில் 3. “எட்டு ஜாஸ்தியாச்சே!” என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்பதால், 11-ல் சுமார் 7 மருந்து தரப்பில் வருவது இயல்பு. 8 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 0.47, நாணயம் சுண்டுவது மாதிரி.

அதனால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. அரிதான ஆபத்தைக் கண்டுபிடிக்க 11 பேர் போதாது. அதனால்தான் 2016 முதல் 2019 வரை நாடு முழுவதும் 27 மருத்துவமனைகளில் கண்காணித்தார்கள். ஆபத்து கூடவில்லை என்று 2020-ல் தெரியவந்தது.