பூச்சை உரிச்சாங்க... கரையுது கோவா சர்ச்!

பழைய கோவா: புனித சவேரியார் உடல் உள்ள பாம் ஜீசஸ் பசிலிக்கா, 1605-ல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியது செம்புறாங்கல்லில். கேரளா பக்கம் வெட்டுக்கல் என்பார்களே, அதேதான். உடம்பெல்லாம் பொத்தல், மழைத்தண்ணியை அப்படியே குடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்து கொத்தனார்கள் மேலே சுண்ணாம்பு பூசினாங்க.

1950-களில், பழசா தெரியணும் என்று போர்ச்சுகீசிய ஆட்சியில் பூச்சை உரித்துவிட்டார்கள். வந்தது வினை! மழைக்கு மழை கல் அரிக்கிறது.

சிமென்ட் பூசினா போச்சு என்கிறீர்களா? அது இன்னும் மோசம். ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், கல் உதிரும். சுண்ணாம்பு என்றால் ஈரம் வெளியேறும்.

மறுபடி சுண்ணாம்பே பூசணும் என்கிறது ஒரு தரப்பு. சிவப்புக் கல் அழகு போயிடுமே என்கிறது மறு தரப்பு. அழகு இருக்கட்டும், கல் இருக்கணுமே!