பழைய மோட்டார் சைக்கிளும் மலைப்பாதையும்



தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வானொலியில் பேச வந்தால், இலக்கணத்தைப் பற்றியோ நல்லொழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதனை எவ்வாறு பேணுவது, பழுதுற்றால் எவ்வாறு சீர் செய்வது என்பதையே சொல்ல வந்திருக்கிறேன். அதன் வழியே வேறு சிலவும் உங்களுக்கு விளங்குமானால் மகிழ்வேன்.

1988-ஆம் ஆண்டில் நான் கம்பம் பள்ளத்தாக்கில் இளம் ஆசிரியனாக இருந்தேன். தேனி அப்பொழுது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1996-இல்தான். அந்த ஆண்டு, பலர் கைமாறி வந்த ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளை என் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கினேன். அது இன்றும் என் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது, இன்றும் ஓடுகிறது.

இவ்வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊர். நம் நாட்டுப் படைக்கும் காவல் துறைக்கும் உறுதியான வண்டிகள் வேண்டியிருந்தபோது, 1950-களில் அரசு ராயல் என்பீல்டு புல்லட்டைத் தேர்ந்தது. 1955-இல் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கடல் கடந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று, சென்னையில் நிற்கவில்லை. பிள்ளை ஊரில் பிழைத்த இயந்திரம் இது.

இதன் அமைப்பு மிக எளிது. ஒரே சிலிண்டர், அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிப் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. மேலேறி அதனை அழுத்துகிறது. பிளக்கில் பொறி பறக்க, எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலேறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கும் சேர்ந்து ஒரு சுற்று. நிமிடத்திற்கு 3,000 முறை அச்சு சுழலும்போது, நொடிக்கு 25 பொறிகள் தவறாமல் பறந்தாக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விதி உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. பழுது காண்பதற்கும் இதுவே விதி. வண்டி ஓட வேண்டுமானால் மூன்று வேண்டும்: அளவான எரிகலவை, நல்ல அழுத்தம், உரிய நேரத்தில் பொறி. வண்டி கிளம்பவில்லையா? இம்மூன்றில் எது இல்லை என்று வரிசையாகத் தேடுங்கள். பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறி தெரியும் அல்லது தெரியாது. அப்போது கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகாமல் இருக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். பொறி உண்டு என்றால் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அழுத்தத்தைச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கை வைக்காதீர்கள். வைத்தால், வண்டி ஓடினாலும் எதனால் ஓடிற்று என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் எதனால் நின்றது என்றும் தெரியாது.

கழற்றிய பிளக்கை எறிந்துவிடாமல் அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். மண்பானை நிறத்தில் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்து எண்ணெய் எரிகிறது. வெளுத்திருந்தால் காற்று மிகுந்து எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுகிறது. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போன்றது இது.

நம் பள்ளத்தாக்கில் இந்தச் சோதனைக்குத் தனிச் சிறப்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய்களின் வழியே புகுந்து, ஆனி ஆடி மாதங்களில் புழுதியை வாரி வீசுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றாலைகளுக்கு நன்மை செய்யும் அதே காற்று, வண்டியின் காற்று வடிகட்டியை அடைத்துவிடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோல் மிகும், பிளக் கறுக்கும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரும் உண்டு, அது பெருந்தவறு. மணல் துகள் சிலிண்டருக்குள் புகுந்து அரத்தைப் போல் தேய்க்கும். அந்த மாதங்களில் நான் வாரந்தோறும் வடிகட்டியைத் தூய்மை செய்வது வழக்கம்.

மலையேறினாலும் இதுவே நிகழும். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை எட்டுகிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் வண்டி சற்றே சோர்ந்து இழுப்பது நோய் அன்று, இயற்கை. அதனைப் பழுது என்று எண்ணிக் கார்புரேட்டரைத் திருகிவிட்டு, கீழே இறங்கிய பின் வருந்தியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி, நாள்தோறும் செய்யவேண்டிய பராமரிப்பைச் சொல்கிறேன். முதலாவது எண்ணெய். இவ்வண்டியில் இரண்டு சிறு பம்புகள் உள்ளன. ஒன்று எண்ணெயை உறுப்புகளுக்கு அனுப்புகிறது, மற்றொன்று திரும்பக் கொணர்கிறது. வண்டி பலநாள் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து அச்சுப் பகுதியில் தேங்கும். அந்நிலையில் அளவுகோலைப் பார்த்தால் குறைவாகத் தோன்றும். சிறிது நேரம் ஓட்டிய பின்னரே அளவு பார்த்தல் வேண்டும். நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுகிறேன்.

இரண்டாவது டாப்பெட். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிறுத்துங்கள். பக்கத்து மூடியைத் திறந்து தள்ளுகோலை விரலால் சுழற்றுங்கள். அது தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுகினால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். தளர்ந்தால் ‘டக் டக்’ என்று தட்டும்.

மூன்றாவது பாயிண்ட். பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உரிய கணத்தில் துண்டித்துவிடும் இடம் அது. அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். கண்ணால் மதிப்பிடாமல், இடைவெளி அளக்கும் தகட்டால் அளக்க வேண்டும். நான்காவது செயின். நடுவில் விரலால் தூக்கினால் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். மிக இறுக்கமான இடத்தில் வைத்தே அளக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். மிகப் பழைய வண்டிகளின் நட்டுகள் ஆங்கில அளவின. அவற்றை மில்லிமீட்டர் ஸ்பானராலோ குறட்டாலோ திருகினால் முனை மழுங்கிப்போகும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. பொருந்தும் கருவி இல்லையென்றால் வேலையைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை.

பிரேக்கைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அதனைச் சொல்வதற்கு என் பிழையொன்றை உங்கள் முன் வைத்தாக வேண்டும்.

1991-ஆம் ஆண்டு. என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் தந்தையிடம் போய்விட்டான் என்று அறிந்தேன். ஒரு சனிக்கிழமை கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, தோட்டத்தைத் தேடிச் சென்றேன். அவன் தந்தையார் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூட்டிட்டுப் போங்க சார். உங்களை நம்பித்தான் அனுப்புறேன்” என்றார். பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாலையில் இறங்கினேன்.

அக்காலத்தில் எனக்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டு, கியர் இல்லாமல் வண்டியை உருளவிடுவேன். வேறொரு குற்றமும் இருந்தது. முன்சக்கரப் பிரேக் கேபிளில் இரண்டு மூன்று இழைகள் அறுந்திருந்ததை முந்திய ஞாயிறன்றே கண்டேன். அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வளைவுக்கு வளைவு பின்பிரேக்கையே மிதித்து வந்தேன். பாதி வழியில் மிதி இளகிற்று, வேகம் குறையவில்லை. முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். கேபிள் அறுந்து கைப்பிடி வெறுமனே வந்தது. கிளட்சைப் பிடித்து, கியரைத் தட்டி, மெல்ல விட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வேகத்தை ஓரளவு தடுத்தது. அடுத்த வளைவுக்கு முன், மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்தேன். எதிர்ப்பக்கம் பள்ளம். பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவன் ஒன்றும் பேசாமல் என் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தந்தான். “உங்களை நம்பித்தான் அனுப்புறேன்” என்ற குரல் அப்பொழுது என் செவியில் ஒலித்தது. இன்றும் அது அடங்கவில்லை.

நடந்தது என்ன என்பதை இயற்பியல் கொண்டு பாருங்கள். வண்டியும் இருவரும் சேர்ந்து 300 கிலோகிராம்; இறங்கும் உயரம் 400 மீட்டர் என்று கொள்வோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் இம்மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 12 இலட்சம் ஜூல். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. அதனை எங்கேனும் கழித்தாக வேண்டும். கியரில் இறங்கினால் எஞ்சினும் காற்றும் தம் பங்கை வாங்கிக்கொள்ளும். நானோ ஏறத்தாழ முழுவதையும் ஒரு சிறு பிரேக் டிரம்மின் தலையில் சுமத்தினேன். டிரம் சூட்டில் விரிந்து பட்டையை விட்டு விலகியது. பட்டையும் பிடிப்பை இழந்தது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்று ஓட்டுநர்கள் சொல்லும் பழமையான விதிக்குக் காரணம் இதுதான்.

அடுத்த நாள் பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் என்னைவிட மூத்தவர், அறுந்த கேபிளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நேத்து அறுந்ததில்ல சார். போன வாரமே அறுந்தது; நேத்து விழுந்தது” என்றார். இவ்வளவு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்த எனக்கு, பராமரிப்பு என்னும் சொல்லின் பொருளை இதைவிடச் சுருங்கச் சொல்லத் தெரியவில்லை.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்தேன். ஓடிய தூரம், கண்ட குறை, செய்த வேலை, தேதி ஆகிய நான்கையும் எழுதுவேன். குறையை எழுதியபின் அதனைச் சீர் செய்யாமல் வண்டியை எடுப்பதில்லை. நெடும்பயணம் போகும்போது கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிளக், பாயிண்ட், செயின் இணைப்பு, டியூப், கைப்பம்பு இவையும் உடன் வரும். என் தலையிலும் பின்னால் இருப்பவர் தலையிலும் கவசம் இருக்கும்.

உங்களில் எவரேனும் தாத்தாவின் பழைய புல்லட்டை ஓட்ட ஆசைப்படலாம். ஓர் எச்சரிக்கை: அவ்வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்காலத்து வண்டியில் பழகிய கால், ஆபத்து நேரும்போது பழைய பழக்கப்படி வலப்பக்கமே மிதிக்கும். ஆகவே உரிமம் பெற்றபின், ஆளில்லாத வெளியில் பழகுங்கள். பிரேக் பட்டை மாற்றுதல், சக்கரக் கம்பி இறுக்குதல் போன்ற வேலைகளைத் தேர்ந்தவர் அருகில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மாணவன் பள்ளிக்குத் திரும்பினான், தேர்விலும் தேறினான். அவ்வாண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, நான் வண்டியைத் துடைக்கும்போது ஸ்பானர்களை எடுத்துத் தருவான். முதல் ஞாயிறன்று புதிய கேபிளைப் பூட்டியபின், நான் கேளாமலே கைப்பிடியைப் பலமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு இழையிழையாகக் கேபிளின் மறுமுனை வரை கண்ணை ஓட்டினான். நான் காத்திருந்தேன். “சரியா இருக்கு சார்” என்று அவன் சொன்ன பிறகே வண்டியை எடுத்தேன்.