அடுப்புப் புகையும் புகைபோக்கியும்

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டின் கீழறையில் ஓர் உலை எரிந்து, அறைகள்தோறும் குழாய்வழி வெப்பக் காற்றை அனுப்புகின்றது. அவ்வுலைக்குச் செல்லும் காற்றின் தூசியைத் தடுக்க ஒரு வடிகட்டி உண்டு. காலந்தோறும் அதனை மாற்றாவிடின் உலையும் கெடும், காற்றும் கெடும். மாத்தளை மாவட்டத்தில் அத்தகைய உலைக்குத் தேவையில்லை. இரத்தோட்டை, எல்கடுவை மலைச்சாரல்களிலுள்ள லயங்களில் வீட்டுக்கு உலை என்பது சோறு வேகும் விறகடுப்பேயாகும். அவ்வடுப்பின் வடிகட்டியை எங்கே தேடுவது?

தேடுவதற்குக் காரணம் உண்டு. விறகுப் புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாதவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்கமாட்டா. நேரே நுரையீரலின் அடியைச் சென்று சேரும். அடுப்பங்கரைப் புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பருகே ஏணை கட்டும் வழக்கமுள்ள இடத்தில் இவ்வெண்ணை எளிதாகக் கடந்துவிட இயலாது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது, அடுப்பை மறந்திருந்த பலரும் விறகுக்குத் திரும்பினர்.

புகையைத் துணியிலோ தாளிலோ வடித்தெடுப்பது வீட்டில் ஆகும் காரியமன்று. அதனை வெளியே அனுப்புவதே வழி. அவ்வேலையைச் செய்வது புகைபோக்கி. வெப்பக் காற்று இலேசானது. ஆதலின் குழாய்க்குள் மேலெழுகின்றது. அது எழ எழ, அடுப்பின் வாயிலிருந்து புதுக்காற்று அதன் பின்னே இழுக்கப்படுகின்றது. குழாய் உயர்ந்திருந்தால் இழுவை மிகும். கூரை முகட்டுக்கு இரண்டடியேனும் மேலே அது நில்லாவிடின், மலைக்காற்று முகட்டில் மோதிப் புகையைத் திரும்ப வீட்டினுள்ளே தள்ளும். முகட்டுக்குக் கீழே குட்டையாக முடியும் குழாய்கள் பல வீடுகளில் காணப்படுகின்றன. அவை பெயருக்குத்தான் புகைபோக்கிகள்.

மண்ணாலான அனகி அடுப்பு 1980களில் இந்நாட்டில் பரவத் தொடங்கியது. அது விறகை மிச்சப்படுத்துவது உண்மை. எனினும் அதற்குத் தனிப் புகைபோக்கி இல்லை. குறைந்த விறகின் புகையும் புகையே.

புகைபோக்கி அமைத்தவுடன் கவலை தீர்ந்தது என எண்ணுவதும் தவறு. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் 44 கிராமங்களில் புகைபோக்கியுள்ள அடுப்புகளைக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் வரை ஆராய்ந்தனர். முதலாண்டில் மக்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்துபோயிற்று. அடுப்பைச் செப்பனிடுவதையும் பேணுவதையும் பலர் கைவிட்டமையே பெருங்காரணம்.

குழாயினுள் நடப்பது இதுவே. நான்கு அங்குல விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் விட்டம் மூன்று அங்குலமாகும். கால்வாசிதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் புகை செல்லும் வாயின் பரப்பு பதினாறில் ஒன்பது பங்காகச் சுருங்கிவிடும். ஏறத்தாழப் பாதி போயிற்று. படிந்த கரி தீப்பற்றவும் கூடும்.

இக்கரியின் தாய் ஈர விறகு. கவ்வாத்து முடிந்ததும் கட்டிவரும் தேயிலை மிலாறும், புதிதாய் வெட்டிய கிளிரிசிடியாக் கிளையும் தம் எடையில் ஏறக்குறைய பாதி நீரைக் கொண்டவை. அவற்றை உடனே எரித்தால், தீ முதலில் நீரைக் காய்ச்சுகின்றது. புகை குளிர்ந்து கீல்போலக் குழாயில் ஒட்டிக்கொள்கின்றது. மழைபடாத இறவாரத்தில் சில மாதங்கள் காற்றாட அடுக்கிவைத்தல் வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென ஒலிப்பது காய்ந்த விறகு. மந்தமாக ஒலிப்பது இன்னும் காய வேண்டியது.

துப்புரவு செய்வதற்கு ஒக்டோபர் மழைக்கு முந்திய நாட்கள் ஏற்றவை. முதல்நாள் இரவே அடுப்பை அணைத்து ஆறவிடல் வேண்டும். கல்லைக் கட்டிய கயிற்றில் தென்னந்தும்பை இறுகச் சுற்றி, குழாயின் மேல்வாயால் இறக்கி, பலமுறை மேலும் கீழும் இழுக்கலாம். கூரையேறுவோர் தகரத்தில் காலூன்றலாகாது. ஏணியைச் சட்டத்தில் சாத்திக்கொள்வதே பாதுகாப்பு. கீழ்வாயில் ஈரச்சாக்கை விரித்தால் கரி பறவாது. செய்பவர் மூக்கை ஈரத்துணியால் மூடிக்கொள்வது நலம். மேல்வாயின் தகர மூடி மழையைத் தடுக்கும். ஆயினும் பறவைக் கூடு அடைத்துள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மூட்டுகளில் வெடிப்பிருந்தால் களிமண் பூசி அடைக்க வேண்டும். ஒரு வெடிப்பு இழுவையில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும்.

வேலை முடிந்தபின் சிறு தீ மூட்டி, அடுப்பு வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். அதன் புகை உள்ளே வளைந்து சென்றால் குழாய் இழுக்கின்றது. முகத்துக்குத் திரும்பி வந்தால் அடைப்பு இன்னும் நீங்கவில்லை. குளிருக்காகக் கதவும் சன்னலும் முழுதும் சாத்தப்பட்டிருந்தாலும் அவ்வாறே நிகழும். வெளியிலிருந்து காற்று வரவில்லையெனின் குழாய் எதை இழுக்கும்? மார்கழி மழையில் ஒரு சன்னலையேனும் நான்கு விரற்கடை திறந்து வைத்து, ஏணையை அடுத்த காம்பறாவில் கட்டிக்கொள்ள வேண்டும்.