உங்களுக்குத் தெரியுமா? மடி நிறைந்தால் பால் ஊறுவது குறையும்!

ஆழ்வார்திருநகரியிலும் தாமிரபரணிக் கரையின் மற்ற ஊர்களிலும் கலப்பினப் பசுக்களைக் காலை, மாலை என இரண்டு வேளை கறப்பதே வழக்கம். பால் சொசைட்டிக்கு ஊற்றவும் அதுதான் தோது. நன்றாகக் கறக்கும் பசுவை மூன்று வேளை கறந்தால், பொதுவாகப் பத்து சதவீதமோ அதற்கு மேலுமோ பால் கூடும்.

மடியில் பால் தேங்கத் தேங்க, சுரக்கும் செல்களின் வேலை மந்தமாகிறது. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் ஆடுகளுக்கு ஒரு பக்க மடியை மட்டும் கூடுதலாக ஒரு வேளை கறந்து பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் மட்டுமே பால் கூடியது! உடம்பு முழுக்க ஓடும் ஹார்மோன் காரணம் என்றால் இரண்டு பக்கமும் கூடியிருக்க வேண்டும். தடை மடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆனால் நாளுக்கு ஐந்தாறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மூன்றாம் கறவை வீண் உழைப்பு. வைக்கோலை மட்டும் போட்டுவிட்டுக் கூடுதலாகக் கறந்தால் பசு இளைக்கும். அடுத்த சினையும் தள்ளிப்போகும். பசும்புல்லும் அடர்தீவனமும் தாராளமாக இருக்கும் வீட்டுக்கே அது ஏற்றது.

இரண்டு வேளைதான் முடியுமென்றால் இடைவெளியைக் கவனியுங்கள். அதிகாலை 4 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் கறந்தால், இரவில் 14 மணி நேரம் பால் தேங்கி நிற்கிறது. கூடியவரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கறப்பதே நல்லது. காம்பில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். மடியில் மிச்சம் வைக்காமல் கறந்தால் சொசைட்டியில் விலையும் கூடும்.