பொத்தோசி: வெள்ளி மலையின் விலை

பொலிவியாவின் பொத்தோசி நகரம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு வாங்கும் உயரம், பயிர் பிடிக்காத குளிர். 1545இல் அங்குள்ள செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கிடைத்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பொட்டல்வெளியில் ஒன்றரை லட்சம் பேர் குடியிருந்தார்கள்.

மேலாகக் கிடைத்த உயர்தரத் தாது இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தீர்ந்துபோனது. அப்போது இந்தப் பகுதியையும் சேர்த்து ஆண்ட, பெருவின் ஸ்பானிய அரசப் பிரதிநிதியாக இருந்தவர் பிரான்சிஸ்கோ தே தொலேதோ. பெருவின் உவான்காவெலிகா சுரங்கத்திலிருந்து பாதரசத்தை வரவழைத்து மட்டமான தாதுவிலும் வெள்ளி எடுக்க வைத்தார். வேலைக்கு ஆள் சேர்க்க, இன்கா காலத்தில் முறைவைத்து உழைக்கும் ஏற்பாடாக இருந்த 'மீத்தா'வைக் கட்டாயச் சுரங்க உழைப்பாக மாற்றினார். 16 மாகாணங்களில் உழைக்கும் வயது ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர், முறைவைத்துச் சுரங்கத்துக்கு வரவேண்டும். பலர் மனைவி மக்களோடு வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பதை ஹோசே தே அகோஸ்தா என்ற யேசு சபைப் பாதிரியார் 1590இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். முறுக்கிய தோல் கயிற்றில் மரப்படி கட்டிய ஏணிகள். ஒரு பக்கம் ஏறுவார்கள், மறுபக்கம் இறங்குவார்கள். தாதுவைப் போர்வையில் மூட்டையாக்கி, மார்பில் முடிச்சிட்டு முதுகில் சுமந்தார்கள். முன்னால் ஏறுபவரின் கட்டைவிரலில் மெழுகுவத்தி கட்டியிருக்கும். இரண்டு கையும் ஏணிக்கே வேண்டுமே! வெளியே ஆலைகளில் தாதுத் தூளோடு உப்பும் பாதரசமும் கலந்து வெறுங்காலால் மிதித்தார்கள். பிறகு அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கும்போது அந்த நச்சு நுரையீரலுக்குள் போனது. கூலி உண்டு, ஆனால் வயிற்றுக்குப் போதாது. ஒரு வாரம் கட்டாய வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது விதி. அந்த ஓய்விலும் பலர் கூலிக்கு மண் சுமந்தார்கள்.

வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னருக்கு. அதுவும் போர்ச் செலவிலும் கடன்காரர்களிடமும் கரைந்தது. மன்னர் இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தார். அமெரிக்க வெள்ளியில் கணிசமான பங்கு சீனாவுக்குப் போனது. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் துணி வாங்கியதும் அதே வெள்ளியைக் கொடுத்துத்தான்.

இந்தக் கொடுமை மேலிடத்துக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. ஊர்கள் ஆளில்லாமல் காலியாவதைப் பற்றி அறிக்கைமேல் அறிக்கை தலைநகர் மத்ரிதுக்குப் போனது. 1670 வாக்கில் பெருவின் அரசப் பிரதிநிதியான லெமோஸ் பிரபுவே மீத்தாவை ஒழிக்கவேண்டும் என்று எழுதினார். வரவு குறையும் என்று அரசு இணங்கவில்லை. 1812இல் ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் தடைசெய்யும்வரை அந்த மலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள்.