நூலகத்துக்கு வரி கட்டுறோம், போறோமா?

சேவுகப்பெருமாள் கோயில் வைகாசித் தேரோட்டத்துக்கு நம்மை யாரும் அழைக்க வேண்டியதில்லை. முதல் ஆளாக நிற்போம். சிங்கம்புணரி நூலகத்துக்கு வாங்க என்றால் மட்டும், "அது படிச்சவங்க போற இடம்க்கா" என்று நழுவுகிறோம்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 500 ரூபாய் வரி என்றால் 50 ரூபாய் நூலகத்துக்கு. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் பணம் இது. கயிறு திரித்துச் சம்பாதித்த காசும் அதில் இருக்கிறது!

உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கக் கட்டணம் கிடையாது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவரத்தான் சிறு தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. அதற்கு முன்பே குழுவில் நாலு பேர் சேர்ந்து போய் நூலகரைப் பாருங்கள். வாசகர் வட்டத்தில் நம் பெண்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். கோலம் போட, டீ கொடுக்க மட்டும் கூப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆடு வளர்ப்பு, கயிறு தொழில் பற்றிய புத்தகம் வேணும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காவையும் விட்டுவிட வேண்டாம். எடுத்துவந்த புத்தகத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருத்தர் வாசித்தால் எல்லாரும் கேட்கலாமே.