பொறியியல் இடமும் 200-க்கான கணக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று உறவினர்கள் போன் போட்டுக் கேட்பது, 600-க்கு எவ்வளவு என்று. தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி முதல் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் வரை எல்லாவற்றையும் நிரப்புவது 200-க்குப் போடும் இன்னொரு கணக்கு. அதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம்.

கணக்குப் பாடத்தின் மதிப்பெண் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்கியதில் பாதி பாதி சேரும். தமிழ், ஆங்கிலம், உயிரியல், கணினி அறிவியல் எதுவும் இந்தக் கூட்டலில் வராது. இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி தமிழ் 95, ஆங்கிலம் 92, கணக்கு 78, இயற்பியல் 90, வேதியியல் 94, உயிரியல் 96, மொத்தம் 545. இன்னொருவன் தமிழ் 80, ஆங்கிலம் 72, கணக்கு 98, இயற்பியல் 88, வேதியியல் 90, கணினி அறிவியல் 92, மொத்தம் 520. மொத்தத்தில் அவள் 25 மதிப்பெண் முன்னால் இருக்கிறாள். ஆனால் அவளுடைய கட்-ஆஃப் 78+45+47, அதாவது 170. அவனுடையது 98+44+45, அதாவது 187. பொறியியல் வரிசையில் அவன் எங்கோ முன்னால் நிற்பான்.

கணக்கில் போகும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் முழு ஒன்றைக் குறைக்கும். இயற்பியலில் போனால் அரைதான் குறையும். ஆகவே விடைத்தாள் நகல் கேட்பதா, மறுகூட்டலுக்குப் போவதா என்று யோசிப்பவர்கள் முதலில் கணக்குத் தாளைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் ஒரு காலத்தில் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் அது நீங்கி, 2007-08 சேர்க்கையிலிருந்து பள்ளி மதிப்பெண் மட்டுமே அளவுகோல் ஆனது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைக்கு இது நல்ல காரியம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். மருத்துவத்துக்கு நீட், என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. என்று வேறு கதவுகளுக்கு வேறு சாவிகள் உண்டு. இந்தக் கதவைப் பள்ளிப் பாடப் புத்தகம் திறக்கும்.

கட்-ஆஃப் வந்தபின் அதை வரிசைப்படுத்தி ரேங்க் தருகிறார்கள். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல். கணக்கு 95, மற்ற இரண்டும் 90 எடுத்தவருக்கும் 185. கணக்கு 90, மற்ற இரண்டும் 95 எடுத்தவருக்கும் 185. முதலாமவர்தான் முன்னே போவார். எல்லாவற்றிலும் சமமாக இருந்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே, விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி தரும் ரேண்டம் எண்ணுக்கு வேலை. அந்தப் பத்து இலக்க எண் சிறியதாக வந்துவிட்டதே என்று கவலைப்படும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கவலையே வேண்டாம்.

பொது ரேங்கோடு சமூகப் பிரிவு ரேங்க்கும் வரும். ஓ.சி. என்பதைப் பலர் ஒரு சாதிப் பிரிவின் ஒதுக்கீடு என்று நினைக்கிறார்கள். அது பொதுப் போட்டி. அந்த 31 சதவீத இடங்களில் எந்தச் சமூகத்தவரும் ரேங்க் இருந்தால் அமரலாம். மிச்சமுள்ள 69 சதவீதம் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட பிரிவுகளுக்குரியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. இது தெரியாமல் விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

அடுத்து, சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியல். ஒரு கல்லூரியில் ஒரு பாடப்பிரிவுக்கு 176 என்று போட்டிருந்தால், அங்கே கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் அது என்று பொருள். கல்லூரி நிர்ணயித்த தகுதி மதிப்பெண் அல்ல. கணக்குத் தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். கடினமாக வந்தால் இறங்கும். 2021-இல் கொரோனாவால் தேர்வே நடக்காமல் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் சேர்த்துத்தான் பிளஸ் டூ மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபோடு ஒப்பிடுவதே தவறு. அதனால் மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை ஒப்பிடாமல், உங்கள் ரேங்க்கை சென்ற ஆண்டு அங்கே கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்கோடு ஒப்பிடுங்கள்.

நல்ல கட்-ஆஃப் வைத்திருந்தும் பிள்ளைகள் கோட்டை விடுவது, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாக எழுதும் சாய்ஸ் பட்டியலில். எங்கள் தெருவில் ஒரு பெண், 172 கட்-ஆஃப், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். "கிடைக்காததை எதுக்கும்மா மேல போடுற? சான்ஸ் வீணாப் போயிடும்" என்றார் அவள் அப்பா. இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. மேலே உள்ளது கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே உள்ளதை யாரும் பறிக்கமாட்டார்கள். நோட்டில் நான் இதை எழுதிக் காட்டியபின் அப்பா சரி என்றார். அவளுக்கு முதல் மூன்றும் கிடைக்கவில்லை, நான்காவது கிடைத்தது. அந்த மூன்றை எழுதாமல் விட்டிருந்தாலும் அதேதான் கிடைத்திருக்கும். எழுதியதால் எதுவும் போய்விடவில்லை.

இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்தானது. ஐந்தாறு பெரிய கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். அப்படியானால் கலந்தாய்வின் அந்தச் சுற்றில் கைக்கு எதுவும் வராமல் போகலாம். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் தரலாம் என்பதால் தாராளமாக எழுதுங்கள். ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள்.

பட்டியலை லாக் செய்யும் முன் ஒவ்வொரு கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை (டி.என்.இ.ஏ.) உதவி மையத்துக்குப் பிள்ளையோடு நேரில் போய்க் கேளுங்கள். அங்கே பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.